வேணாங்காக்காவும் நாலு சில்லும்

முப்பது வருடம் வாகனத் தரகராக இருந்து, வாங்க வந்த அத்தனை பேரையும் வாங்கவிடாமல் திருப்பி அனுப்பிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் கல்முனையில் இருந்தார். பெற்றோர் வைத்த பெயர் எனக்குத் தெரியாது. ஊருக்கு அவர் வேணாங்காக்கா. எங்கள் பக்கம் காக்கா என்றால் அண்ணன்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைதான் அவருடைய கந்தோர், அதாவது அலுவலகம். சவூதியிலிருந்து வந்த ஒருவர், கூரையில் கண்ணாடிக் கதவு வைத்த கார் வேண்டும் என்று வந்தார்.

"வெளிநாட்டுக்கு என்னத்துக்குப் போனீங்க?"

"வீடு கட்டத்தான் காக்கா."

"வீட்டுக் கூரைக்கு ஓடு போட்டுட்டு, காருக் கூரையில ஓட்டை தேடுறீங்களா? இந்த வெயிலுக்கா? வேணாம்."

வந்தவர் பிளேன்டீயைக் குடித்துவிட்டுப் போய், குளிர்சாதனப் பெட்டி வாங்கினார். வீட்டில் இரண்டே பேர் இருக்கிற ஒரு வியாபாரி எட்டுப் பேர் போகிற வேன் கேட்டார். "மத்த ஆறு பேரையும் கூட்டிட்டு வாங்க, பாத்துட்டுச் சொல்றன்" என்று அனுப்பிவிட்டார். இப்படி இருந்தால் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? அவருடைய மனைவி இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுத்துவந்தார். அதனால் எரிந்தது.

அவரிடம் நானும் ஒரு நாள் போய் மாட்டிக்கொண்டேன். காரணம் என் மச்சான், அதாவது மனைவி நஸ்ரினின் தம்பி. பொத்துவிலிலிருந்து புது ஜீப்பில் வந்து, என் கேற்றைத் திறக்க முடியாதபடி நிறுத்திவிட்டு, சக்கரத்தைத் தட்டிக் காட்டி, "நாலு சில்லும் சேர்ந்து இழுக்கும் மச்சான்" என்றான். அந்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. நான் கணித ஆசிரியன். வீட்டிலிருந்து பாடசாலைக்கு நடந்தால் ஐந்து நிமிடம்.

"ஃபோர்வீல் ஜீப் ஒண்டு பாக்கணும் காக்கா."

வேணாங்காக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒங்கட வளவுக்குள்ள பனி கொட்டுதா சேர்?"

"இல்ல."

"மலை?"

"இல்ல."

"கல்முனையில ஆக உசந்த மலை, ரோட்டுக்குக் குறுக்கால போட்டிருக்கிற வேகத்தடைதான். அதில ஏற ரெண்டு சில்லே காணும்."

"அறுகம்பேக்குப் போறம்தானே. கடக்கரையில மணல்..."

"வருசத்துக்கு எத்தின தரம்?"

"ஒரு தரம். போன வருசம் போகல."

கடையே சிரித்தது. என் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்கே இரக்கம் வந்திருக்க வேண்டும். "மணலுக்கு என்ன வேணுமெண்டு நான் காட்டுறன். ஞாயித்துக்கிழமை வாங்க" என்றார்.

ஞாயிறு காலை அவருடைய பழைய காரில் போனோம். அதன் இடது கதவு கயிற்றால் கட்டியிருந்தது. பின்சீற்றில் நஸ்ரின். அவள் குடும்பநல மருத்துவ மாது, அன்றைக்கு அவளுக்கு விடுமுறை. மருதமுனைக் கடற்கரையில் காரை வேண்டுமென்றே மணலுக்குள் இறக்கிப் புதைத்தார். வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். அவர் இறங்கி, ஒரு தீக்குச்சியால் நாலு டயரிலும் காற்றைப் பாதிக்கு மேல் இறக்கினார். பிறகு மெதுவாகப் பின்னுக்கு எடுத்தார். கார் நண்டு மாதிரி வெளியே வந்தது.

"காத்தக் குறைச்சா டயர் அகலும், மணலுக்கு மேல மிதக்கும். இதுக்குப் போய் ஃபோர்வீலா? வேணாம் சேர்."

வலைக்காரர்கள் கைதட்டினார்கள். நான் தோற்றுப்போனேன். ஆனால் திரும்பக் காற்றடிக்கிற பம்ப்பைக் காக்கா வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார்.

டயர் கிழிந்துவிடும் என்று சைக்கிளை விட மெதுவாகத் திரும்பினோம். தயிர்ச் சட்டி கட்டிய ஒரு சைக்கிள் எங்களை முந்திக்கொண்டு போனது. பின்சீற்றிலிருந்து நஸ்ரின் முன்னுக்குக் குனிந்தாள்.

"களிமண்ணுக்கும் காத்தக் குறைச்சாக் காணுமா காக்கா?"

"நீங்க எந்தக் களியக் கேக்கிற தங்கச்சி?"

"எனக்குத் தந்திருக்கிற ஊர் ரெண்டும் வயலுக்கு அங்கால. மாரியில ட்ரக்டர் ஓடி ரோட்டெல்லாம் உழுத மாதிரிக் கிடக்கும். ஸ்கூட்டரக் கடையடியில விட்டுட்டு, தடுப்பூசிப் பெட்டியத் தூக்கிட்டு நடந்துதான் போற. போன மாரியில ஒரு புள்ளத்தாச்சிக்கு வலி வந்து, ட்ரக்டர் பெட்டியில ஏத்தித்தான் கொண்டு வந்தம். ஆஸ்பத்திரி வந்து சேருமட்டும் நான் குடையப் புடிச்சிட்டு நிண்டன்."

கார் நின்றது. அவர்தான் நிறுத்தினார்.

எனக்கு இது ஒன்றும் தெரியாது. மாரி முழுக்கச் சேறு படிந்த செருப்போடு வருகிறவளிடம், ரோட்டு எப்படி என்று ஒரு நாளாவது நான் கேட்டதில்லை. மச்சானின் ஜீப்பை நினைத்துத்தான் எனக்கு நித்திரை போனது.

"களி வேற தங்கச்சி" என்றார் காக்கா, மிகவும் மெதுவாக. "களிக்கு நாலு சில்லும் இழுக்கத்தான் வேணும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "வாங்குங்க சேர்."

இந்தச் செய்தி தேத்தண்ணிக் கடைக்குப் போனபோது ஒருவரும் நம்பவில்லை. காக்காவுக்குக் காய்ச்சலா என்று விசாரிக்க இரண்டு பேர் அவருடைய வீட்டுக்கே போனார்கள்.

மூன்று மாதம் அலைந்தார். எத்தனையோ ஜீப்புகளுக்கு அடியில் மல்லாந்து படுத்துவிட்டு, தலை நிறையத் துருவோடு எழுந்துவந்து "வேணாம்" என்றார். கடைசியில் பதுளைப் பக்கமிருந்து பழைய குட்டி ஜீப் ஒன்றை அவரே ஓட்டிக்கொண்டு வந்தார். நஸ்ரின் லைசன்ஸ் எடுத்ததும் வயல் ரோட்டில் வைத்து அவளுக்குப் பாடம் நடத்தினார்.

"தார் ரோட்டுல இந்தச் சின்ன லீவரத் தொடாதிங்க. களியக் கண்டதும் போடுங்க, நாலு சில்லும் இழுக்கும். புதைஞ்ச பிறகு போட்டா துஆதான் கேக்கணும்."

பின்சீற்றில் இருந்து நான் அந்த லீவரை எட்டிப் பார்த்தேன்.

"சேர், ஒங்களுக்கு வேணாம்."

இப்போது ஜீப் அவளுக்கு. அவளுடைய ஸ்கூட்டர் எனக்கு.

காக்காவுக்குக் கண் மங்கிவிட்டது. இப்போது வேறு ஊரில், அக்கரைப்பற்றில் மகளோடு இருக்கிறார். மாரி தொடங்கினால் மழை நாட்களில் பின்னேரம் ஐந்து மணிக்குப் போன் வரும். "தங்கச்சி வந்துட்டாவா?" சலாம் சொல்வதுகூட அதற்குப் பிறகுதான். வந்துவிட்டாள் என்றால் உடனே வைத்துவிடுவார். வரவில்லை என்றால் வைக்கமாட்டார். இரண்டு பேரும் போனைக் காதில் வைத்துக்கொண்டு மழையைக் கேட்டபடி இருப்போம்.

ரோட்டிலிருந்து எங்கள் வீட்டு ஒழுங்கைக்குள் ஜீப் திரும்புகிற சத்தம், அக்கரைப்பற்றில் இருக்கிற அவருக்குத்தான் போனுக்குள்ளால் முதலில் கேட்கிறது.