பனி தேசத்து நாக்கு ஆராய்ச்சி

இந்த முறை மனைவியிடம் தோற்பதில்லை என்று முடிவு செய்தேன். முடிவு செய்தபோது அவள் வீட்டில் இல்லை. இருந்திருந்தால் அதையும் அவளே செய்திருப்பாள்.

என் பெயர் பெரியண்ணன். பெயரில்தான் பெரியவன். மனைவி பெயர் ரோகிணி. டில்லியில் அதே பெயரில் பெரிய பேட்டை ஒன்று இருக்கிறது. இரண்டிலும் நான் வழி தெரியாமல் நின்றிருக்கிறேன். ஈரோட்டுப் பக்கத்திலிருந்து மத்திய அரசு வேலைக்கு வந்து, ஊர் ஊராக மாற்றலில் சுற்றி, கடைசியில் ஜனக்புரியில் வேர்விட்டு, போன வருஷம் ரிட்டையரும் ஆகிவிட்டேன். ரோகிணி வங்கியில் இருக்கிறாள். அவளுக்கு இன்னும் சர்வீஸ் பாக்கி.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். காலைக் காப்பியோடு நான் ஒரு அதிசயத் தகவல் சொல்ல வேண்டும். அது நெசமா பொய்யா என்று அவள் தீர்ப்புச் சொல்ல வேண்டும். கல்யாணமான புதிதில் என்ன பேசுவதென்று தெரியாமல் "ஆக்டோபஸுக்கு மூணு இதயம்" என்று நான் உளறியதில் ஆரம்பித்தது. "நெசம்தானுங்க" என்றாள் புதுப்பெண். அவள் உயிரியல் படித்தவள் என்பதை எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஒரே ஒரு இதயத்தை வைத்துக்கொண்டு அன்றைக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அதற்குப் பிறகு நான் ஜெயித்ததே இல்லை. நம்பவில்லை என்றால் போன வாரத்து நிலவரத்தைக் கேளுங்கள்.

"சீனப் பெருஞ்சுவர் நிலாவுல இருந்து பார்த்தாக்கூடத் தெரியும், அம்மிணி."

"பொய்ங்க."

"தங்கமீனுக்கு ஞாபகம் மூணே செகண்டு."

"அதும் பொய்ங்க. மாசக்கணக்குல ஞாபகம் வச்சுக்குமுங்க. அது மீனுங்க, நீங்களா?"

"வாழைப்பழம் பெர்ரி வகை. ஆனா ஸ்ட்ராபெர்ரி பெர்ரியே இல்ல."

"தாவரவியல்படி நெசம்தானுங்க. காப்பி ஆறுது, குடிங்க."

கொங்குப் பெண். 'ங்க' போடாமல் வாக்கியத்தை முடிக்க மாட்டாள். என்னைப் பொய்யன் என்பதைக்கூட அத்தனை மரியாதையாகச் சொல்வாள். வங்கியில் கையெழுத்து சரிபார்த்துப் பழகிய கண். எதைச் சொன்னாலும், "யாருங்க பார்த்தாங்க? எப்படிங்க அளந்தாங்க?" என்பாள். ஜனக்புரித் தமிழர் வாட்ஸப் குழுவில் என்ன வதந்தி வந்தாலும் 'ரோகிணி அக்காவைக் கேளுங்க' என்றுதான் எழுதுவார்கள்.

அப்படிப்பட்டவளுக்குப் பதவி உயர்வு வந்தது. லக்னோவில் கிளை மேனேஜர். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

"போகலாம்னு இருக்கறனுங்க" என்றாள்.

"தாராளமாப் போ" என்றேன். பார்க்கில் நடக்க வரும் நண்பர்களிடமும், மனைவியின் முன்னேற்றத்துக்கு நான் குறுக்கே நிற்பவனில்லை என்று மார்தட்டினேன். தட்டிய மார்புக்குள்ளே நிலவரம் சரியில்லை. எனக்கு அவள் வேண்டும். பக்கத்தில் வேண்டும். 'பொய்ங்க' என்று சொல்லவாவது வேண்டும். இதை வாய்விட்டுச் சொல்ல வெட்கம். சொன்னால் எனக்காக அவள் பதவியை விட்டுவிடுவாளோ என்று பயம். ஆகவே நான் சொல்லாமலேயே அவள் போகாமல் இருக்க வேண்டும். அதுதான் என் பெருந்தன்மை.

ஒரு தகவலை நானே தயாரித்தேன்.

'அதிர்ச்சித் தகவல். ஐம்பது வயதைத் தாண்டிய ஆண்கள் மனைவியைப் பிரிந்து தனியே வாழ்ந்தால் நாக்கில் ருசி அற்றுப்போகும். பனி தேசம் ஒன்றில் விஞ்ஞானிகள் நடத்திய ஆராய்ச்சியில் இது தெரியவந்துள்ளது. முதலில் அரிசிம்பருப்பு சோற்றின் ருசி போகும். பிறகு கொள்ளு ரசம். கடைசியில் காப்பிக்கும் வெந்நீருக்கும் வித்தியாசம் தெரியாது.'

படித்துப் பார்த்தேன். எனக்கே கண் கலங்கியது. ஆனால் என் நம்பரிலிருந்து போனால் மாட்டிக்கொள்வேன். மாடி வீட்டுக் கௌஷிக்கிடம் போனேன். ஐ.டி. கம்பெனிப் பையன். டில்லியிலேயே பிறந்து வளர்ந்தவன்.

"இதைக் குரூப்ல போடு தம்பி."

"அங்கிள், எனக்குத் தமிழ் ஸ்லோவாத்தான் படிக்க வரும். என்ன மேட்டர் இது?"

"படிக்க வேண்டாம். அனுப்பினாப் போதும்."

"அச்சா அங்கிள்" என்று அனுப்பிவிட்டான். படிக்காமல் அனுப்புவதற்கென்றே கடவுள் சிலரைப் படைத்திருக்கிறார்.

சாயங்காலத்துக்குள் தகவல் டில்லியைச் சுற்றி வந்துவிட்டது. முனிர்காவில் தங்கிப் படிக்கும் பையன்கள் குழுவிலிருந்து எனக்கே திரும்பி வந்தது. வரும்போது கொஞ்சம் வளர்ந்திருந்தது. ருசி போவதோடு தலைமுடியும் கொட்டுமாம். இரவுக்குள் காதும் சேர்ந்துகொண்டது. மறுநாள் சாமான் வாங்க ஐ.என்.ஏ. மார்க்கெட் போனால், தமிழ்க் கடைக்காரர் கொள்ளு எடைபோட்டுக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணே, அக்காவுக்கு மாத்தலாமே. அனுப்பிராதீங்கண்ணே. என்னமோ ஆராய்ச்சி வந்திருக்காம்."

"யாரு சொன்னாங்க?"

"எல்லாரும் சொல்றாங்கண்ணே."

எல்லாரும் சொல்கிறார்கள் என்றால் அதில் ஏதோ இருக்கும் என்று எனக்கே தோன்ற ஆரம்பித்தது. வழியில் ஒரு டீ குடித்தேன். சப்பென்று இருந்தது. "பையா, சர்க்கரை போட்டியா?" என்று இந்தியில் கேட்டேன். போட்டேன் என்று சத்தியம் செய்தான். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நாக்கை நீட்டிப் பார்த்தேன். வெளுத்திருந்த மாதிரிதான் தெரிந்தது.

குழுவில் ஆளாளுக்கு 'ரோகிணி அக்கா, இது நெசமா?' என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா வாயே திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். எதிரில் உட்கார்ந்தாள்.

"இன்னைக்குத் தகவல் நான் சொல்லட்டுங்களா?"

கைப்பேசியைப் பார்த்து முழுவதையும் வாசித்தாள். என் எழுத்து அவள் குரலில் இன்னும் உருக்கமாக இருந்தது. நான் காப்பி தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நெசமா, பொய்யா, அம்மிணி?"

"நெசமுங்க."

தம்ளரைக் கீழே வைத்தேன்.

"யாரு பார்த்தாங்க, எப்படி அளந்தாங்கன்னு கேக்கவே இல்லையே?"

"எதுக்குங்க கேக்கோணும்? பனி தேசத்துல உக்காந்து அரிசிம்பருப்பு சோறு திங்கிற விஞ்ஞானி உலகத்துலயே ஒருத்தருதானுங்க. எதுத்தாப்புல காப்பி குடிச்சிட்டு இருக்காருங்க."

எங்கள் கொங்கு நாட்டுச் சோற்றுக்குப் பதிலாக நார்வேயிலோ எங்கேயோ தின்கிற ஒரு வெள்ளைக்காரச் சாப்பாட்டின் பெயரைப் போட்டிருக்கலாம். பசி வேளையில் ஆராய்ச்சி செய்தது என் தப்பு.

"அப்புறம் ஏன் நெசங்கற?"

"நாக்கு விசயம் பொய்ங்க. எழுதினவரு பயந்தது நெசமுங்க."

என்னால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே காய்கறி வண்டிக்காரன் கத்திக்கொண்டு போனான்.

"அப்ப லக்னோ?" என்றேன்.

"போறனுங்க. வெள்ளிக்கிழமையே சரின்னு சொல்லிட்டனுங்க."

மெதுவாக நிமிர்ந்தேன். அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. எங்கள் பெண் கல்லூரிக்குப் போன நாளுக்குப் பிறகு அப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

"நல்லபடியாப் போயிட்டு வா, அம்மிணி. மெய்யாத்தான் சொல்றேன். ஆனா நீ இல்லாம என்னால இந்த வீட்டுல இருக்க முடியாது. அதையும் மெய்யாத்தான் சொல்றேன்."

வந்துவிட்டது. எத்தனையோ வருஷமாகத் தொண்டையில் நின்றது, காப்பி ஆறுவதற்குள் வெளியே வந்துவிட்டது.

அவள் மூக்கை உறிஞ்சினாள். பிறகு சிரித்தாள்.

"நான் போறேன்னுதானுங்க சொன்னேன். தனியாப் போறேன்னு எப்பங்க சொன்னேன்?"

"அப்படின்னா?"

"அப்படின்னா நீங்களும் வாரீங்கன்னு அர்த்தமுங்க. போபாலுக்கும் நாக்பூருக்கும் நீங்க மாத்தலாகிப் போனப்ப நான் வந்தேனுங்களே, அந்த மாதிரிங்க."

திகைத்துப்போனேன். மாற்றல் என்றால் மனைவி பின்னால் வருவாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். புருஷனும் பின்னால் போகலாம் என்பது எந்த அதிசயத் தகவலிலும் எனக்கு வந்ததில்லை. ரிட்டையர் ஆனவனுக்கு டில்லியில் அப்படி என்ன வேலை? யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

"இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீங்களா வாயைத் திறந்து சொல்லுவீங்கன்னு காத்திருந்தனுங்க. நீங்க என்னடான்னா வெளிநாட்டுக்காரனை விட்டுச் சொல்லச் சொல்லிட்டீங்க."

வீட்டுத் தலைவன் என்ற முறையில் கொஞ்சமாவது கௌரவத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டாமா? முதுகை நிமிர்த்தினேன். தொண்டையைச் செருமினேன்.

"இதெல்லாம் ஒரே நாள்ல சொல்ற விஷயமில்ல, ரோகிணி. நான் நல்லா யோசிக்கணும். வர்றேனா இல்லையான்னு ரெண்டு நாள் கழிச்சுச் சொல்றேன்."

"சரிங்க, நல்லா யோசிங்க" என்று தம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அதுக்குள்ள அந்தச் சட்டையைக் கழட்டிக் குடுத்துட்டுப் போங்க. உங்க துணியெல்லாம் நேத்தே மூட்டை கட்டியாச்சு, அது ஒண்ணுதான் பாக்கிங்க."