ஹெச்.டி.யில் எடுத்த தாய்மாமன் சீர்

சொந்தக்காரர்கள் மத்தியில் ‘விவரமானவன்’ என்று பெயரெடுத்த எவனும் நிம்மதியாக இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. விளாங்குடியில் எனக்கு அந்தப் பெயர் இருந்தது. யார் வீட்டு டிவியில் புள்ளி விழுந்தாலும் ஆள் அனுப்புவார்கள். (போய் ஓங்கி ஒரு அடி கொடுப்பேன். சரியாகிவிடும். அம்புட்டுத்தான் என் விவரம்.)

ஹெச்.டி. என்ற சொல் மதுரைக்கு வந்து இறங்கிய புதிதில், கொட்டாம்பட்டியில் வாழ்க்கைப்பட்ட என் அக்காவின் மகளுக்குக் காதுகுத்து வைத்தார்கள். நான் தாய்மாமன். எங்கள் பக்கம் தாய்மாமன் சீர் என்றால் மேளதாளத்தோடு தட்டுத் தட்டாகத் தூக்கிப் போக வேண்டும். தட்டு குறைந்தால் அக்காவுக்குப் புகுந்த வீட்டில் மரியாதை குறையும். அப்படிப்பட்ட விசேஷத்தைச் சாதா டிவிடியில் எடுப்பதா? ஹெச்.டி. படம் பதிகிற புது டிஸ்க்கான ப்ளூ-ரேதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

வீடியோக்காரர் பாண்டி தலையைச் சொறிந்தார். “அண்ணே, இந்த டிஸ்க்கு ரெண்டு விதமா வருதாம். எது நிக்கும், எது போகும்னு கம்பெனிக்காரனுக்கே தெரியலைங்கிறாக.”

“ஊர்ல ஒருத்தன்கிட்டயும் ப்ளேயர் இல்லையே மாப்ள, எதுல போட்டுப் பாக்குறது?” என்றார் மச்சான்.

“நான் வாங்கிட்டு வாரேன் மச்சான்” என்றேன். (நாக்கில் சனி.)

எல்லாச் சந்தேகமும் பட்டோம். அவ்வளவு தெளிவாகத் தெரியப்போவது நாங்கள்தான் என்பது மட்டும் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

சீருக்கு வைத்திருந்த பணத்தில் பெரும்பங்கு ப்ளேயராகவும் பெரிய டிவியாகவும் மாறிவிட்டது. ஆனால் ‘நூற்றியொரு தட்டு தாய்மாமன் சீர்’ என்று என் சிரித்த முகத்தோடு ஃப்ளெக்ஸ் கட்டியாகிவிட்டது. விசேஷத்தன்று பார்த்தால் அதில் பாதிகூடத் தேறவில்லை. சித்தப்பா மகன் முருகேசன்தான் கைகொடுத்தான்.

“மண்டபத்துக்குள்ள போன தட்டைச் சமையக்கட்டு வழியா வெளிய எடுத்து, வரிசைக் கடைசியில திரும்ப விட்டுருவோம்ணே. தூக்குற பொம்பளைகளை மட்டும் மாத்திருவோம். மேளச் சத்தத்துல எவன் பாக்கப் போறான்?”

ஒருவரும் பார்க்கவில்லை. வரிசை வந்துகொண்டே இருந்தது. எதற்கும் அசையாத அக்காவின் மாமியார், “ஒந் தம்பி செஞ்சுபுட்டான்டி” என்று வாய்விட்டுச் சொல்ல, அக்கா அங்கேயே அழுதுவிட்டாள். எனக்கும் கண் கலங்கியது. முருகேசன் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

மெட்ராஸுக்கு அனுப்பி டிஸ்க் தயாரானதும், டிவியையும் ப்ளேயரையும் வேனில் ஏற்றிக்கொண்டு கொட்டாம்பட்டி போனேன். வீடு கொள்ளாத கூட்டம். “அத்தை, நிறுத்திக் காட்டுறேன் பாருங்க, துளிகூட மங்காது” என்று அக்காவின் மாமியாரிடம் சொல்லி ரிமோட்டை அழுத்தினேன். ரோஸ் ரிப்பன் கட்டிய ஒரு அன்னாசிப்பழம், கொண்டை ஒருபக்கம் சாய்ந்து, திரை முழுக்க நின்றது. “முள்ளுகூடத் தெரியுதே!” என்று வியந்தார்கள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் அதே ரிப்பன், அதே சாய்ந்த கொண்டை, வேறொரு பெண்மணியின் கையில் வந்தது.

“நிறுத்துப்பா” என்றார் அத்தை.

நிறுத்தினேன். துளிகூட மங்கவில்லை.

“பின்னாடி போ.” போனேன். “இப்ப முன்னாடி வா.” வந்தேன். சமையற்கட்டுக் கதவருகில் முருகேசன் இரண்டு தட்டுகளோடு ஓடுவதும் தெரிந்தது, நெற்றி வியர்வை உட்பட. சாதா டிவிடியாக இருந்தால் அன்னாசி இருந்த இடத்தில் ஒரு மஞ்சள் கலங்கல்தான் இருந்திருக்கும்.

அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. தம்பியால் வந்த மரியாதை, தம்பி கொண்டுவந்த டிவியிலேயே போய்க்கொண்டிருந்தது. பூமி பிளந்து என்னையும் ப்ளேயரையும் சேர்த்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

அத்தை அக்கா பக்கம் திரும்பினார். “ஒந் தம்பியாச்சும் ரெண்டு சுத்து வந்தான்டி. எம் மகனுக்குக் காது குத்துனப்ப எங்கண்ணன் மொதச் சுத்துக்கே வரலை.”

சொல்லிவிட்டு அவரே சிரிக்க ஆரம்பித்தார். பிறகு வீடே சிரித்தது. “இன்னொரு தடவை ஓட விடு மாப்ள, அந்த முருகேசன் ஓடுறதைப் பாப்போம்” என்று மச்சான் ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டார்.

கிளம்பும்போது அக்கா மட்டும் வாசல்வரை வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்: “கொண்டாந்ததோட விட்டிருக்கலாம்லடா. அதை ஏன்டா படம் போட்டு வேற காட்டுன?”

அந்தக் காதுகுத்துப் பெண் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். நான் ஆசையாக எதை வாங்கிக்கொண்டு போனாலும் சட்டென்று கை நீட்டுவதில்லை.

“மாமா, இது மொதச் சுத்தா, ரெண்டாஞ் சுத்தா?”