ஏழாவது நிறுத்தத்தின் கூரை

“கூரை ஒழுகுதுன்னு மட்டும் சொல்லாதீங்க தோட்டக்காரரே! நூத்தி நாப்பது வருஷத்து வரலாறு சொட்டுச் சொட்டா இறங்கி வந்து மனுஷனைத் தொடுற இடம், உலகத்துலேயே உங்க வீடு ஒண்ணுதான்.”

“தொடுதுங்க ஐயா. படுக்கையிலேயே வந்து தொடுது.”

“குடுத்து வச்சவரு நீங்க!”

ஆறு வருடங்களுக்கு முன்னால் நிர்வாக அதிகாரிக்கும் தோட்டக்காரருக்கும் நடந்த இந்தப் பேச்சு, தோட்டக்காரருக்கு இன்றும் ஓர் எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது. கூரையை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கப் போனவர், தான் கொடுத்து வைத்தவர் என்பதைத் தெரிந்துகொண்டு திரும்பினார். மனைவி வாசலிலேயே காத்திருந்தாள்.

“என்ன சொன்னாரு?”

“ரொம்ப நல்லபடியா பேசினாரு.”

“மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. கூரைக்கு என்ன சொன்னாரு?”

“அதைக் கேக்க வாயெடுத்தேன். அதுக்குள்ள எந்திரிச்சு கையைக் குடுத்துட்டாரு.”

“குடுத்த கையில ஓடு ஏதாவது இருந்துச்சா?”

அந்த ஆற்றங்கரை எஸ்டேட்டைப் பார்க்காதவர்கள் பிறந்து பயனில்லை என்று அதன் நுழைவாயில் பலகையே அடக்கத்தோடு தெரிவிக்கிறது. சுற்றிப் பார்க்க ஏழு நிறுத்தங்கள், நான்கு நடைபாதைகள், மூன்று பூந்தோட்டங்கள். பூக்காலத்தில் ‘ரோஜா வாரம்’, வெயில்காலத்தில் ‘படகு வாரம்’, இலை உதிரும் காலத்தில் ‘சருகு வாரம்’. சருகு வாரத்துக்காகத் தோட்டக்காரர் முதலில் சருகுகளையெல்லாம் கூட்டி அள்ளுவார்; பிறகு அதிகாரி வந்து காட்டுகிற இடங்களில் இயற்கையாகத் தூவுவார்.

‘அமைதிப் பாதை’யில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒலிபெருக்கி அமைதி காக்கச் சொல்லும். அடுத்து வருவது ‘ஆறு காண் மேடை’. ஆற்றின் பெருமைகளை விளக்கும் மாபெரும் பலகை ஒன்று மேடைக்கு நேர் எதிரே நிற்பதால் அங்கிருந்து ஆறு தெரியாது. ஆற்றைப் பற்றி எல்லாம் தெரியும்.

முதல் நிறுத்தம் பெரிய வீடு. எஸ்டேட்டின் முதல் முதலாளி கட்டியது. அதன் மாடியில்தான் அதிகாரியின் அறை. வருகை தரும் விருந்தினர்களின் நலன் கருதி அந்த வீட்டுக் கூரை மட்டும் மூன்று முறை மாற்றப்பட்டிருக்கிறது. அதனால் அங்கே வரலாறு உள்ளே வர வழியில்லாமல் போய்விட்டது. இந்த இழப்பைப் பற்றி அதிகாரி பேசும்போது குரல் கம்மும். காய்ந்த நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டுதான் பேசுவார் என்றாலும் குரல் கம்முவது உண்மை.

ஏழாவது நிறுத்தம் தோட்டக்காரரின் வீடு. பெரிய வீடு கட்டிய அதே வருடம், அதே கொத்தனார், மிச்சமான ஓடுகளை வைத்துக் கட்டியது. ‘எளிய உழைப்பாளர் குடும்பம் ஒன்று இங்கே வாழ்ந்தது’ என்று வாசலில் ஒரு பித்தளைப் பலகை பளபளக்கிறது.

“ஐயா, நாங்க இன்னும் இருக்கோமே?” என்று தோட்டக்காரர் ஒரு தடவை தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“பலகையை மாத்தணும்னா குழு கூடணும். விட்டுடுங்க. நல்ல பித்தளை, ரொம்ப வருஷம் நிக்கும். என்னைக்காவது ஒரு நாள் அது சரியாயிடும்” என்றார் அதிகாரி.

பத்து மணியிலிருந்து ஐந்து மணி வரை பார்வையாளர் நேரம். அந்த நேரத்தில் டி.வி.க்குச் சாக்குப் போர்த்த வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலிகள் கட்டிலுக்கு அடியில் போய்விட வேண்டும். பழைய புகைப்படங்களில் எல்லா வேலையாட்களும் குனிந்தே இருப்பதால், பார்வையாளர்கள் கடக்கும்போது தோட்டக்காரர் நிமிரக் கூடாது. ஒரு முறை உள்ளே குக்கர் விசில் அடித்துவிட்டது. அதிகாரி கொஞ்சமும் அசராமல், “அந்தக் காலத்து நீராவிப் படகோட சத்தம். காத்து இந்தப் பக்கம் அடிச்சா இன்னைக்கும் கேக்கும்” என்று கூட்டத்துக்கு விளக்கினார். பலர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். இரண்டாவது விசிலுக்குக் கைதட்டினார்கள்.

ஒழுகலை ஆராய நிபுணர் குழு ஒன்று வந்து, மொத்தம் ஏழு ஒழுகல்கள் என்று கண்டறிந்தது. ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தது. நான்காம் எண் ஒழுகல், பெருவெள்ள வருடத்தைச் சேர்ந்ததாம். ‘உள்ளது உள்ளபடி பாதுகாக்க’ உத்தரவாயிற்று. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு பானை, பானைக்கு ஒரு சீட்டு. ஒரு பெருமழையில் தோட்டக்காரர் கூரை மேல் ஏறி ஒரு தார்ப்பாயை விரித்ததற்கு, ‘வரலாற்றை மறைத்தது ஏன்?’ என்று விளக்கம் கேட்டு ஓலை வந்தது.

வாயால் கேட்க வராததால் மனு எழுதினார். ஆறு வருடத்தில் பதினோரு மனுக்கள். ஒன்றுக்கும் பதில் இல்லை. ஆனால் ஒன்றுகூடத் தொலையவும் இல்லை. பதினொன்றும் ஐந்தாவது நிறுத்தத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள், மெல்லிய மஞ்சள் வெளிச்சத்தில் இருக்கின்றன. தலைப்பு: ‘உழைப்பாளியின் பணிவு’. ‘தங்கள் உண்மையுள்ள’ என்ற வரியைப் பெரிதாக்கிச் சுவரில் தனியாக மாட்டியிருக்கிறார்கள். ஒரு புதுமணத் தம்பதி அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டதைத் தோட்டக்காரரே பார்த்தார். எடுத்துக் கொடுத்ததும் அவர்தான்.

இப்படி எல்லாம் சீரும் சிறப்புமாகப் போய்க்கொண்டிருக்கும்போது, மகள் போன் செய்தாள். குழந்தை பிறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. மருமகனுக்கு வேறு ஊருக்கு மாற்றல். வீடு பார்த்து முடிக்க இரண்டு மாதமாவது ஆகும்.

“அதுவரைக்கும் அங்க வந்து இருக்கேம்ப்பா. திங்கக்கிழமை காலையில வந்துடுவோம். பெருசா ஒண்ணும் வேண்டாம். தொட்டில் கட்ட ஒரு மூலை காஞ்சிருந்தா போதும்.”

“வாடா கண்ணு, உன் வீடு இது” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தவர், அண்ணாந்து பார்த்தார். மனைவியும் பார்த்தாள். வெளியே தூறல் தொடங்கியிருந்தது.

“பேப்பரை எடுக்காதீங்க” என்றாள் மனைவி.

“நான் எங்க எடுத்தேன்?”

“கை சட்டைப்பையில பேனாவைத் தேடுது. கண்ணாடிப் பெட்டியில இனிமே இடமில்லீங்க. ரோஜாச் செடிகிட்ட மணிக்கணக்கா பேசுறீங்க இல்ல? அந்த ஆளையும் ஒரு செடின்னு நினைச்சுக்கிட்டு வாயைத் திறங்க.”

“செடி கையைக் குடுக்காதே.”

ஞாயிற்றுக்கிழமை ‘மழைக்கால இன்னிசை’. எஸ்டேட்டின் விழாக்களிலேயே மகுடம் போன்றது. ஏழு பானைகளில் விழும் ஏழு சொட்டுகளின் ஓசையைக் கேட்பதற்காக, நாற்பது பேர் குடையும் காதில் ஒலிக்கருவியுமாக வந்து வாசலில் பயபக்தியோடு குவிந்தார்கள். அதிகாரி சட்டையில் மைக்கைச் செருகிக்கொண்டு உள்ளே வந்தார். மூன்றாம் பானைக்கும் நான்காம் பானைக்கும் நடுவில் ஒரு புதுத் தொட்டில் தொங்குவதைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

“பிரமாதம்! அந்தக் காலத் தொட்டிலா?”

“நேத்து வாங்கினதுங்க” என்றாள் மனைவி.

“அதை வெளியில சொல்லாதீங்கம்மா.”

கூட்டத்தின் முன் வரிசையில் ஒரு சின்னப் பெண் தோட்டக்காரரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அம்மா, இவங்க நிஜ ஆளுங்களா?”

“இல்லடி தங்கம். இதெல்லாம் செட்டு.”

“அந்தத் தாத்தாவுக்குக் கண்ணு சிமிட்டுதே?”

“நல்லா பண்ணியிருக்காங்க, இல்ல?”

மழை வலுத்தது. டிங், டொங், டக். கூட்டம் மெய்மறந்தது. காற்று திரும்பியதில் ஓர் ஓடு லேசாக நகர்ந்தது. புதிதாக ஒரு சொட்டு நேராகத் தொட்டிலுக்குள் விழுந்தது. துணி அதை வாங்கிக்கொண்டது. இன்னொன்று விழுந்தது.

இசையறிவு மிக்க ஒரு பெரியவர் முகத்தைச் சுளித்தார். “இது ஒண்ணுக்கு மட்டும் சத்தமே வரலையே?”

“மன்னிக்கணும்! இது இப்பதான் சேர்ந்திருக்கு. எட்டாவது” என்றார் அதிகாரி பரவசத்தோடு. “தோட்டக்காரரே, அந்தத் தொட்டில்ல ஒரு பானையை வச்சிடுங்க.”

தோட்டக்காரர் நகரவில்லை. மனைவி முந்தானையால் தொட்டில் துணியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்க்கவில்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

“அடுத்து, நம்ம உழைப்பாளி உங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசுவார்!” அதிகாரி மைக்கைக் கழற்றி அவர் சட்டையில் மாட்டினார். பேச வேண்டியதும் வழக்கமானதுதான். ‘எங்களுக்கு ஒரு குறையும் இல்லீங்க.’ ஆறு விழாக்களில் சொல்லியிருக்கிறார்.

தோட்டக்காரர் முதல் முறையாகப் பார்வையாளர் நேரத்தில் நிமிர்ந்தார். இவ்வளவு உயரமா என்று அதிகாரியே ஒரு அடி பின்வாங்கினார்.

“கூரையை மாத்திக் குடுங்க ஐயா.”

நாற்பது பேர் காதுகளிலும் அது ஒரே நேரத்தில் ஒலித்தது. பிறகு கைதட்டல் கூரையைப் பிளந்தது. ஏற்கெனவே பிளந்த கூரைதான். “என்ன உருக்கம்!” என்று ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அப்படியே அந்தக் காலத்துக் குரல்!” அதிகாரி தழுதழுத்தார். “இதைப் பதிவு பண்ணி அஞ்சாவது நிறுத்தத்துல போட்டுடலாம்.” பாராட்டிக் குலுக்குவதற்காகக் கையை நீட்டினார்.

நீட்டிய அந்தக் கையில் தோட்டக்காரர் நான்காம் எண் பானையைத் தூக்கி வைத்தார். பெருவெள்ள வருடம் தளும்பி, அதிகாரியின் சட்டையை நனைத்தது. கைதட்டல் ஓயும்வரை, பாய்ச்சிய தண்ணீர் வேரில் இறங்குவதற்குக் காத்திருப்பவர்போல அவர் பொறுமையாக நின்றார்.

“பெரிய வீடும் இந்த வீடும் ஒரே வருஷம் கட்டினது ஐயா, ஒரே கொத்தனார் கட்டினது. அங்க மூணு தடவை கூரையை மாத்தினப்போ வரலாறு ஒண்ணும் செத்துப் போகலை. இங்க மாத்தினா மட்டும் செத்துடும்னா, மாத்த வேண்டாம். இந்தப் பானையெல்லாம் நீங்களே எடுத்துட்டுப் போய், உங்க ரூம்ல நாற்காலிக்கு மேல ஏழு ஓட்டைக் கழட்டிட்டு வச்சுக்கோங்க. அதுவும் முடியாதுன்னா, அந்த ரூம் சாவியைக் குடுங்க. தொட்டிலை அங்க கட்டணும். நாளைக்குக் காலையில என் பேத்தி வர்றா.”