கண்டாவளைப் பிரெஞ்சுக்காரர்

வாசகரே, வெளிநாடு போனவர்களைப் பற்றி நான் இங்கே சொல்லப்போவதில்லை. அவர்கள் பாவம், வேலைக்கு ஓடவே நேரம் காணாது, பெருமையடிக்க எங்கே நேரம்? நான் சொல்லவந்தது இன்னும் போகாதவர்களைப் பற்றி. பாஸ்போட் கையில் கிடைத்த நாளிலிருந்து விமானம் ஏறும் நாள் வரைக்கும் இந்த மண்ணில் உலாவுகிற தனி இனம் அது. கால் மட்டும் ஊரில் இருக்கும். மற்றதெல்லாம் எப்போதோ போய் இறங்கியிருக்கும். உங்கள் ஒழுங்கையிலும் ஒருவர் இருப்பார். இல்லையென்றால், அது கொஞ்சம் யோசிக்கவேண்டிய விஷயம்.

எங்கள் கண்டாவளைக் கணபதியரை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து ஏக்கர் வயல், இரண்டு மாடு, அளந்து கதைக்கிற மனைவி கமலாட்சி, பாரிஸில் வாழ்க்கைப்பட்ட ஒரே மகள் விமலேஸ்வரி. சண்டை நின்று, பூட்டிக்கிடந்த கண்டிவீதி திறந்த அடுத்த வருசம் மகளிடமிருந்து கடிதம் வந்தது. தை மாதம் பிள்ளை பிறக்கப்போகிறது, தலைப்பிள்ளை, பயமாக இருக்கிறது, இரண்டு பேரும் வந்து பக்கத்தில் நில்லுங்கோ என்று எழுதியிருந்தாள். கமலாட்சி அதை வாசித்துவிட்டு உள்ளி, மிளகு, பெருஞ்சீரகம் என்று பத்தியச் சரக்குக்குப் பட்டியல் போட்டார். கணபதியர் அதே கடிதத்தை வாசித்துவிட்டுக் கழுத்தில் மப்ளரைச் சுற்றினார். அது புரட்டாதி மாதம். மண்டை பிளக்கிற வெயில்.

அன்றைக்குத் தொடங்கியது பாருங்கள். பாண் வாங்கினால் கடைக்காரரைக் கடதாசியில் சுற்ற விடமாட்டார், பாரிஸில் அப்படித்தானாம் என்று றோஸ் பாணைக் கமக்கட்டுக்குள் இடுக்கிக்கொண்டு சைக்கிள் ஓடுவார். வயலுக்குத் தண்ணீர் கட்டப் போகும்போது மண்வெட்டியோடு சென்ற் போத்தலும் போகும். பிட்டை முள்ளுக்கரண்டியால் குத்துவார், பிட்டு உதிரும், மறுபடி குத்துவார், மறுபடி உதிரும், கடைசியில் பசி தாங்காமல் குசினிக்குள் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு கையால் அள்ளிச் சாப்பிடுவார். விடிந்ததும் மாட்டுக்குப் ‘பொன்ஜூர்’ சொல்வார். மாடு அசைபோடும். அதற்கு ஆளைத் தெரியும்.

தவறணைக்கு வீட்டிலிருந்து கண்ணாடித் தம்ளர் கொண்டுபோனார். கள்ளை அதில் வார்த்து, ஒரு சுழற்று சுழற்றி, மூக்கை உள்ளே விட்டு மணந்து பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு, இது எந்த வருசத்துச் சரக்கு என்று கேட்டார். இண்டைக்குக் காலமை இறக்கினது என்றான் கள்ளு வார்ப்பவன்.

பக்கத்து வளவு ராசுவின் கதை இன்னும் மோசம். அங்கே ஆளுக்காள் கன்னத்தோடு கன்னம் வைத்துத்தான் சுகம் விசாரிப்பார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். உரப்பையைத் தலையில் சுமந்துகொண்டு வந்த ராசுவை, இரண்டு கையும் மேலே இருந்த அந்த நேரம் பார்த்து, கணபதியர் பிடித்து வலக்கன்னத்தில் இரண்டு முத்தம், இடக்கன்னத்தில் இரண்டு முத்தம் கொடுத்துவிட்டார். ராசு இரண்டு கிழமையாகப் பின் ஒழுங்கையால்தான் போய்வந்தான்.

மழை பெய்தால் நாங்கள் நனைவோம், அவ்வளவுதானே? கணபதியர் சொல்வார், பிரெஞ்சுக்காரன் நனைஞ்சாலும் ஒரு ஸ்டைலாத்தான் நனைவான் என்று. எங்கடை சனத்துக்கு நாகரிகம் விளங்காது என்பதும் அவர் வாயிலிருந்து நாளுக்குப் பத்துத் தரம் வரும். கமலாட்சி மிளகாய் இடித்துக்கொண்டிருப்பார்.

மார்கழியில் இரண்டு பேரும் கொழும்புக்கு விசா நேர்முகத்துக்குப் போனார்கள். இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசப் போனால் ஒரு முறை இருக்கிறது. போன வீட்டை உயர்த்தவேண்டும், சொந்த வீட்டைத் தாழ்த்தவேண்டும். இப்படிப் பேசித்தான் மகளுக்குக் கலியாணத்தை ஒப்பேற்றியவர் கணபதியர். பிரான்சும் சம்பந்தி வீடுதானே என்று நினைத்துவிட்டார் மனிதர்.

ஏன் அங்கே போக விரும்புகிறீர்கள் என்று கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்த வெள்ளைக்கார அம்மா கேட்டார். கணபதியர் மப்ளரைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தார். பிரான்சின் வீதி என்ன, உடுப்பு என்ன, சாப்பாடு என்ன! எங்கள் ஊரில் புழுதியையும் நுளம்பையும் விட்டால் என்ன இருக்கிறது? வயல் என்று ஒன்று கிடக்கிறது, அதுவும் ஒரு வயலா?

“என்ரை கட்டை அந்த மண்ணிலைதான் வேகவேணும், அம்மா. அதுதான் என்ரை ஆசை.”

மொழிபெயர்க்க இருந்த பெடியன் தயங்கினான். “ஐயா, இதை இப்பிடியே சொல்லவோ?”

“ஒரு சொல்லும் விடாமல் சொல்லும், தம்பி.”

பெடியன் சொன்னான். அம்மா எழுதிக்கொண்டார்.

அடுத்தது கமலாட்சி. பாரிஸைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டதற்கு, குளிராம் என்றார். எவ்வளவு காலம் நிற்பீர்கள் என்று கேட்டார்கள்.

“பிள்ளைக்கு முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழிய வந்திடுவன். மாசிக் கடைசியிலை வயலிலை அரிவி வெட்டு, மாடும் கண்டு போடப்போகுது. வளவை ராசுவிட்டை எத்தினை நாளைக்கு விட்டிட்டு நிக்கிறது?”

இரண்டு பாஸ்போட்டும் திரும்பி வந்தன. ஒன்றில் விசா இருந்தது. மற்றதற்குள் ஒரு கடிதம். இவர் ஊர் திரும்புவார் என்று நம்ப ஒரு காரணமும் இல்லையாம்.

கணபதியர் அன்றைக்கு அழுதார், வாசகரே. ஈபிள் கோபுரத்துக்காக அல்ல. மகளின் பிள்ளையை முதன்முதலாகக் கையில் வாங்க முடியாமல் போய்விட்டதே என்று, பஸ் நிலையத்தில் நின்று, அந்த மப்ளராலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு அழுதார். அப்ப நானும் போகேல்லை என்றார் கமலாட்சி. “விசர்க்கதை கதையாதையும். பிள்ளை தனிய. நீர் போம்,” என்றார் அவர்.

கமலாட்சி போனார். பிள்ளை பிறந்தது, பெடியன். சொன்ன சொல் தவறாமல் மாசியில் அரிவி வெட்டுக்கு முதல்நாள் வந்து இறங்கினார். பின்னேரம் முற்றத்தில் அயலட்டை எல்லாம் கூடியது. பாரிஸ் எப்படி என்று கேட்டார்கள். குளிர்தான் என்று கமலாட்சி வாயைத் திறந்தார், அதற்குள் கணபதியர் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டார். அது குளிரில்லையாம், அது ஒரு விதமான இதமாம். கோபுரத்தைப் பார்த்தீர்களோ என்று கமலாட்சியைக் கேட்டால், எத்தனை படி, எந்தப் பக்கத்தால் ஏறவேண்டும் என்று கணபதியர் சொல்கிறார். ரயில் பற்றிக் கேட்டால் அவர். சீஸ் பற்றிக் கேட்டால் அவர். கமலாட்சி இரண்டு இடத்தில், அப்படியில்லை என்று தலையாட்டிப் பார்த்தார்; உமக்கு விளங்கேல்லை என்று சொல்லிவிட்டுக் கணபதியர் தொடர்ந்தார்.

அப்போதுதான் ராசுவின் மனைவி கேட்டாள், பேரன் அழுதால் எப்படி ஓயவைக்கிறது என்று.

கணபதியர் வாயைத் திறந்தார். மெல்லத் திரும்பி மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

“அவன் தாத்தாவைப் போலைதான்,” என்றார் கமலாட்சி. “ஒருத்தரும் கவனிக்காட்டித் தானா ஓய்ஞ்சிடுவான்.”

முற்றமே சிரித்தது. நீங்களும் சிரிக்கிறீர்கள். நல்லது, சிரியுங்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன். கடைசியாக நீங்கள் நாலு பேருக்கு விளக்கம் சொன்ன ஊர் இருக்கிறதே, அங்கே நீங்கள் போயிருக்கிறீர்களா? பதிலை எனக்குச் சொல்லவேண்டாம். அடுத்தமுறை சொல்லும்போது, அங்கே போய்வந்தவர் யாராவது பக்கத்தில் பேசாமல் இருக்கிறாரா என்று மட்டும் திரும்பிப் பாருங்கள்.