நரிப்பள்ளத்துப் பாலமும் உளுந்தளவு தேசமும்

கல்வராயன் மலையடிவாரத்தில் நரிப்பள்ளம் என்றொரு ஊர். ஊருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே ஓர் ஓடை குறுக்கே போகிறது. அப்படிக் குறுக்கே போவதற்கு எந்தத் துறையிடமும் தடையின்மைச் சான்று வாங்காத ஓடை அது. கோடையில் கணுக்கால்தான் நனையும். ஐப்பசி, கார்த்திகையில் மலையில் மழை பிடித்தால் இடுப்புக்கு மேலே வந்துவிடும். அந்த இரண்டு மாதமும் கல்வி அக்கரையில் இருக்கும், பிள்ளைகள் இக்கரையில் இருப்பார்கள்.

இதற்கு ஒரு பாலம் கேட்டுச் சின்னப்பொண்ணு ஆறு வருஷமாக மனுக் கொடுத்து வந்தாள். களையெடுப்பு, கரும்பு வெட்டு, மரவள்ளி பிடுங்குவது என்று எந்தக் கூலி வேலையையும் தட்டாதவள் அவள். திங்கட்கிழமை மட்டும் வேலைக்குப் போக மாட்டாள். அது மனு நாள். மகள் சந்தியா நாலாம் வகுப்பில் இருந்தபோது முதல் மனு கொடுத்தாள். இப்போது அவள் பத்தாம் வகுப்பு, பொதுத்தேர்வு எழுத வேண்டிய வருஷம். இரண்டு மாதம் பெண் வீட்டில் உட்கார்ந்தால் படிப்பு அதோகதிதான்.

மனுக் கொடுத்த இடம், ஓடைகள் மற்றும் சிறுபாலங்கள் துணைக்கோட்ட அலுவலகம். அலுவலர் தங்கதுரை நல்ல மனிதர். 'முடியாது' என்ற சொல் அவர் வாயில் வந்ததே இல்லை. 'ஆவன செய்யப்படும், திங்கக்கெழம வா' என்பார். உதவியாளர் மணிமொழி மனுவில் முத்திரை குத்தி ரசீது கொடுப்பாள். சின்னப்பொண்ணு வீட்டில் ஒரு மஞ்சப்பை நிறைய ரசீது இருந்தது.

இந்த ஆவணியில் அதிசயமாகப் பாலத்துக்கு உத்தரவு வந்துவிட்டது. மணிமொழியே போன் போட்டு, "அக்கா, அடுத்த வாரம் ஜல்லி இறக்குறாங்க" என்றாள். சின்னப்பொண்ணு ஊர் முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள்.

அந்த வாரமா பார்த்து அந்த வெள்ளைக்காரர் வந்து விழ வேண்டும்?

அவர் பெயர் ஹென்ரிக். உலக வரைபடத்தில் உளுந்து அளவு இருக்கிற ஒரு தேசத்துக்காரர். மலையில் அருவி பார்க்கச் சைக்கிளில் போனவர், நரிப்பள்ளத்து ஓடையில் பாசி வழுக்கிச் சைக்கிளோடு மல்லாந்தார். பக்கத்துக் கொல்லையில் களையெடுத்துக்கொண்டிருந்த சின்னப்பொண்ணுதான் அவரைக் கரையேற்றி, கம்பங்கூழும் ஒரு பச்சை மிளகாயும் கொடுத்தாள். கூழுக்கு நன்றி சொன்னார், மிளகாய்க்கு அழுதார். எந்த உதவி வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சைகையால் சொல்லி, தம் எண்ணை அவள் போனில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஊர் திரும்பியதும் இணையத்தில் மூன்று வரி எழுதினார். 'கல்வராயன் மலை அழகு. மக்கள் தங்கம். ஓடைக்குத்தான் பாலம் இல்லை.'

முதல் இரண்டு வரியை நம் பக்கத்தில் ஒருவரும் படிக்கவில்லை. மூன்றாவது வரி தங்கதுரையின் மேசைக்கு வந்து சேர்ந்தது.

அடுத்த திங்கட்கிழமை, ஜல்லி ஏன் வரவில்லை என்று கேட்கச் சின்னப்பொண்ணு போனாள்.

"பாலத்த நிறுத்தி வெச்சாச்சும்மா" என்றார் தங்கதுரை.

"இன்னா சார் சொல்றீங்க? உத்தரவு ஆயிடுச்சின்னாங்களே!"

"உத்தரவு ஆச்சு. ஆனா அந்த வெள்ளக்காரன் எழுதிட்டானே. இப்ப கட்டினா, தான் சொல்லித்தான் கட்டினாங்கன்னு நெனைக்க மாட்டான்? வெளிநாட்டான் சொல்றதுக்கெல்லாம் ஆடுறவங்களா நாம? இது இறையாண்மைப் பிரச்சனைம்மா."

"அவுரு போன வாரம் சொன்னாரு. நான் ஆறு வருசமா சொல்லிக்கினு இருக்கறனே சார்."

"நீ சொன்னது நமக்குள்ள. அது வேற."

"அப்ப நான் சொன்னதுக்குன்னு கட்டுங்க."

"நீ சொல்லித்தான் கட்டினோம்னு அவனுக்குத் தெரியுமா?"

தெரியாதுதான். சின்னப்பொண்ணு பேருந்து ஏறி வந்துவிட்டாள்.

தேசத்தின் மானம் சம்பந்தப்பட்ட விஷயத்தை அப்படியே விட்டுவிட முடியுமா? 'அயல்நாட்டுக் கருத்தைப் பொருட்படுத்தாமைக் குழு' என்று ஒன்றை மேலிட ஒப்புதலோடு அமைத்தார்கள். தலைவர் தங்கதுரை. தினமும் காலை பத்து மணிக்குக் குழு கூடி, வெளிநாட்டார் என்னென்ன எழுதியிருக்கிறார்கள் என்று ஒரு வரி விடாமல் படித்தது. எதைப் பொருட்படுத்தக் கூடாது என்று தெரியாமல் எப்படிப் பொருட்படுத்தாமல் இருப்பது? ஓடைக்கரையில் ஆங்கிலத்தில் ஒரு பெரிய பலகை வைத்தார்கள். 'அந்நியர் பேச்சுக்கு நாங்கள் செவிசாய்ப்பதில்லை' என்று அதில் எழுதியிருந்தது. நரிப்பள்ளத்தில் சந்தியாவைத் தவிர யாருக்கும் அதைப் படிக்கத் தெரியவில்லை.

ஹென்ரிக்குக்குப் பதிவுத்தபால் போயிற்று. 'தங்கள் கருத்து எங்களை எவ்விதத்திலும் பாதிக்கவில்லை என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டு வருகிறோம்.' பதில் இல்லை. நினைவூட்டல் ஒன்று போயிற்று. நினைவூட்டல் இரண்டு போயிற்று. இப்படியே நினைவூட்டல் ஆறு வரை போயிற்று. தங்கதுரைக்குச் சோறு இறங்கவில்லை.

"நாம கவலப்படலன்னு அவனுக்குத் தெரிஞ்சுதா இல்லியா, அதுகூட தெரியலையே!" என்று மணிமொழியிடம் கவலைப்பட்டார்.

புரட்டாசி பிறந்துவிட்டது. மலைமேல் மேகம் திரண்டு நிற்பதைப் பார்க்கப் பார்க்கச் சின்னப்பொண்ணுக்கு ஆத்திரமாக வந்தது. ஆறு வருஷம் கால் தேய நடந்தவள் பேச்சு அம்பலம் ஏறவில்லை. ஒரே நாள் வழுக்கி விழுந்தவர் பேச்சுக்கு ஒரு குழுவே உட்கார்ந்திருக்கிறது!

அவளிடம் ஓர் எருமை உண்டு. கயிற்றைப் பிடித்து முன்னால் இழுத்தால் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நிற்கும். வாலைப் பிடித்துப் பின்னால் இழுத்தால் முன்னால் ஓடும். அன்று சாயங்காலம் அதை வீட்டுக்கு ஓட்டி வரும்போதுதான் சின்னப்பொண்ணுக்கு விஷயம் விளங்கியது.

"சந்தியா, அந்தச் சாருக்குப் போன் போடு. இங்க பாலம் கட்டவே கூடாதுன்னு எழுதச் சொல்லு."

"யம்மா! உனுக்கு இன்னா ஆச்சு?"

"சொல்றத செய்டி. இதுவரைக்கும் கயித்தப் புடிச்சி இழுத்துக்கினு இருந்தோம். இப்ப வாலப் புடிப்போம்."

சந்தியா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னாள். ஹென்ரிக் உடனே ஒத்துக்கொண்டார். கூடவே ஒரு சந்தேகம் கேட்டார். நம் ஊரிலிருந்து அவருக்கு ஏழு தபால் வந்திருக்கிறதாம். எல்லாம் தமிழில், பச்சை மைக் கையெழுத்து, உருண்டை முத்திரை. ஏதோ கல்யாணப் பத்திரிகை என்று நினைத்து ஏழையும் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறாராம். கல்யாணம் என்றைக்கு என்று கேட்டார்.

மறுநாள் எழுதிவிட்டார். 'நரிப்பள்ளத்து ஓடை இயற்கையின் கொடை. அதன்மேல் பாலம் கட்ட ஒருக்காலும் அனுமதிக்கக் கூடாது.'

திங்கட்கிழமை பத்து மணிக்குக் குழு அதைப் படித்தது. பத்தே காலுக்குத் தங்கதுரை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார்.

"நம்ம ஓடையில நாம பாலம் கட்டக் கூடாதாமா? உளுந்தளவு நாட்டுக்காரன், இவன் யாரு சொல்றதுக்கு?"

"அதானே சார்!" என்றாள் வாசலில் மனுவோடு நின்றிருந்த சின்னப்பொண்ணு. "கேக்கறதுக்கு ஆளு இல்லன்னு நெனச்சிக்கினாரு போல."

"ஆள் இல்லியா? கூப்பிடு காண்ட்ராக்டர!"

அன்று மாலையே ஜல்லி இறங்கியது. பதினெட்டே நாளில் பாலம் எழும்பிவிட்டது. 'அயல்நாட்டு எதிர்ப்பை முறியடித்து எழுப்பப்பட்டது' என்று கல்வெட்டு வைத்தார்கள். ஆறு வருஷத்து மனுவைப் பற்றிச் சொல்ல அந்தக் கல்லில் இடம் போதவில்லை. திறப்பு விழாவுக்கு மேளம் வந்தது. தங்கதுரை ஏணி வைத்துப் பாலத்தில் ஏறி, ரிப்பன் வெட்டி, ஏணி வழியாகவே இறங்கினார். ஏணி அலுவலகச் சொத்து என்பதால் அதை ஜீப்பில் ஏற்றிக் கட்டினார்கள்.

சின்னப்பொண்ணு பாலத்தை இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். ஆள் உயரத்துக்கு அந்தரத்தில் நின்றது.

"சார், இதுல ஏறுறது எப்படி சார்?"

"அணுகுசாலை வேற திட்டம்மா. பாலம் கட்டாதன்னுதான் அவன் எழுதினான். அணுகுசாலை போடாதன்னு எழுதலையே. எதிர்ப்பே இல்லாத வேலைக்கு என்ன அவசரம்?"

சந்தியா மறுபடியும் போன் போட்டாள். ஹென்ரிக் சரி என்றார், ஆனால் அவருக்கும் ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. அவர் வீட்டு வாசலில் தெருவிளக்கு எரிந்து நாலு வருஷம் ஆகிறது. மாசா மாசம் மனுக் கொடுக்கிறார். 'ஆவன செய்யப்படும்' என்பதற்கு அவர்கள் பாஷையிலும் ஒரு சொல் இருக்கிறதாம். வெளியூர்க்காரர் யாராவது கொஞ்சம் எதிர்த்து எழுதினால் தேவலை என்றார்.

"அடப் பாவமே, அங்கயும் இதே கததானா?" என்று சின்னப்பொண்ணு உச்சுக்கொட்டினாள். அன்றே எழுதச் சொன்னாள். 'உங்க ஊருத் தெருவுல வெளக்கு எரியவே கூடாது. இப்படிக்கு, நரிப்பள்ளம் பொதுமக்கள்.'

மூன்றாம் நாள் அங்கே விளக்கு எரிந்தது. ஐந்தாம் நாள் இங்கே பாலத்தின் இரண்டு பக்கமும் மண் கொட்டிச் சாலை போட்டார்கள். ஐப்பசி பிறந்து மலையில் மழை கொட்டியபோது, சந்தியா செருப்பு நனையாமல் பள்ளிக்கூடம் போனாள். பாலத்து நடுவில் நின்று அவள் போவதைப் பார்த்த சின்னப்பொண்ணு, மழைத்தண்ணியைத் துடைப்பதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இந்த மாதிரி சமாசாரம் ஊரோடு நிற்குமா? அடுத்த திங்கட்கிழமை மனு வாங்கும் மண்டபம் காலியாகக் கிடந்தது. சின்னப்பொண்ணு வீட்டு வாசலில் வரிசை நின்றது. திருநாவலூரிலிருந்து ஒருவர், தங்கள் தெருவுக்குக் குழாயே போடக் கூடாது என்று எழுத ஆள் கேட்டார். எலவனாசூர்கோட்டைக்காரர்களுக்குச் சாக்கடையை எதிர்க்க ஒரு வெள்ளைக்காரர் தேவைப்பட்டார். வரிசையின் கடைசியில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒருவர் நின்றார். கிட்டே வந்ததும்தான் அது தங்கதுரை என்று தெரிந்தது.

"இன்னா சார், நீங்களா?"

தங்கதுரை அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "என் பதவி உயர்வு ஃபைல் மூணு வருசமா மேல தூங்குதும்மா. எத்தன தடவ எழுதியும் ஒருத்தன் திரும்பிப் பாக்கல. எனக்குப் பதவி உயர்வு குடுக்கவே கூடாதுன்னு அந்தச் சார் ஒரு வரி எழுதினா..."

"மனு கொண்டாந்தீங்களா?"

கொண்டு வந்திருந்தார், மூன்று பிரதிகளில். சின்னப்பொண்ணு அதை வாங்கிப் படிக்காமலே மடித்து மஞ்சப்பைக்குள் போட்டாள்.

"ஆவன செய்யப்படும் சார். திங்கக்கெழம வாங்க."