சாக்குக்குள் கன்னையா

மெலிய வேண்டும் என்று முடிவெடுத்தவர்களில் கன்னையாவைப் போலச் சந்தோஷமாகச் சாப்பிட்டவர் எவருமில்லை.

கிளினிக் தராசு எண்பத்தெட்டு கிலோ காட்டியது. "பர வெடி, ஐயா" என்று சிங்களத்தில் சொன்னாள் நர்ஸ் மிஸ்ஸி. பாரம் கூடிப்போச்சாம் என்று மனைவி பிரேமலதா தமிழில் இன்னொரு தரம் சொல்லிக் காட்டினாள். சீனி வியாதி எட்டிப் பார்க்கிறதாம். தினமும் நடக்க வேண்டும், கொத்து ரொட்டியைத் தொடக் கூடாது, இரண்டு மாதத்தில் ஐந்து கிலோ குறைய வேண்டும்.

"சனிக்கிழமைக்கு சனிக்கிழமை மலைக்கு வந்து நிறுத்துக் காட்டுங்க" என்றாள் பிரேமலதா.

அவள் தேயிலைக் கொழுந்து எடுக்கும் ஏழாம் நம்பர் மலையில், கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் ஒரு தொங்கு தராசு உண்டு. மீட்டர் எப்போதும் கணக்கப்பிள்ளை சின்னத்தம்பியின் பக்கம்தான் திரும்பியிருக்கும். தண்ணிக்குக் கழிவு, சாக்குக்குக் கழிவு என்று வெட்டியது போகத்தான் அவர் வாயிலிருந்து நிறை வரும்.

தோட்டக் காவலில் வாச்சராக இருந்து ஓய்வு பெற்ற கன்னையா அவரைத் தனியாகப் பார்த்தார்.

"பொம்பளைங்களுக்கு வெட்டுற மாதிரி எனக்கும் வெட்டுங்க."

"எத்தனை?"

"வாரம் ரெண்டு கிலோ."

ஒரு கொத்துப் பார்சலோடு பேச்சு முடிந்தது.

அதன்பிறகு நடக்கப் போகிறேன் என்று கிளம்புவார், பெல்மதுளை பஸ்ஸில் ஏறுவார், முக்தாரின் கொத்து ரொட்டிக் கடையில் இறங்குவார். சனிக்கிழமைகளில் கொழுந்துச் சாக்குக்குள் குந்திக்கொண்டு கொக்கியில் தொங்குவார். எண்பத்தாறு, எண்பத்துநாலு என்று சின்னத்தம்பி இறக்கிக்கொண்டே வந்தார். எட்டாவது வாரம் எழுபத்திரண்டு. சட்டைப் பொத்தான்கள் மட்டும் இதை நம்பவில்லை.

மறுபடி கிளினிக். தொண்ணூறு.

"கிளினிக் தராசு பிழை, லதா. மலைத் தராசு பொய் சொல்லாது."

"அப்படிங்களா? நாளைக்கு மலைக்கு வந்து சொல்லுங்க."

மறுநாள் மடுவத்தில், பிரேமலதா சொல்லியனுப்பி வந்த தோட்ட மேனேஜர் பெரிய துரை நின்றார். முப்பது பெண்கள் கூடையோடு நின்றார்கள். கன்னையா வந்த வழியே திரும்பப் பார்த்தார். ஆனாலும் தொங்கினார். சின்னத்தம்பி பழக்கதோஷத்தில், "எழுபத்திரண்டு!" என்று கூவிவிட்டார்.

பிரேமலதா கிளினிக் அட்டையை நீட்டினாள்.

"துரை, நேத்து இவரு தொண்ணூறு. இவருகிட்டயே பதினெட்டு கிலோ வெட்டுனா, இருபது வருஷமா எங்க கொழுந்துல எவ்வளவு வெட்டியிருப்பாங்க?"

துரை குனிந்து மீட்டரைப் பார்த்தார். தொண்ணூறு. சின்னத்தம்பி தன் செருப்பைப் பார்த்தார்.

அன்றே மீட்டர் பெண்கள் பக்கம் திரும்பியது. இனி ஒவ்வொரு நிறுவைக்கும் முன்னால், நிறை தெரிந்த ஒன்றைத் தொங்கவிட்டு எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்றார் துரை. அந்தத் தோட்டத்தில் நிறை தெரிந்தது கன்னையா ஒருவர்தான். நிறுவையோ நாளுக்கு மூன்று. மலையோ செங்குத்து.

"தினமும் மூணு தரம் மலை ஏறுனா நான் இளைச்சிருவேன்டி! என் நிறையே மாறிப்போகும்!" என்று கடைசி அஸ்திரத்தை எடுத்தார் கன்னையா.

"மாறட்டும். மாசாமாசம் கிளினிக்குல நான் புதுசா எழுதி வாங்கிக்கிறேன். நீங்க சாக்குல ஏறுங்க."