மனசாட்சி இல்லாத பெட்டி

"மனசாட்சி இல்லாததுகிட்ட போயி எப்பிடி சார் நாயம் கேக்கறது?"

கேட்டது கேண்டீன் பாப்பம்மாள். பதில் சொல்ல வேண்டியவர் லேபர் ஆபீசர் கோதண்டராமன். சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து பேக்கிங் ஷெட்டில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

பாவம், மனுஷன் எவ்வளவு ஆசையாக ஆரம்பித்த வகுப்பு! தண்டலத்தை ஒட்டிய அந்த சைக்கிள் பெடல் கம்பெனியில் எண்பத்தாறாம் வருஷம் ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. பெட்டி வந்தால் பிழைப்பு போய்விடும், சுவிட்சைப் போட விடமாட்டோம் என்றார் யூனியன் தலைவர் அமிர்தநாதன். "அவங்களைச் சம்மதிக்க வையும். முடியலேன்னா வேற இடம் பாரும்" என்றார் மேனேஜர் இராமச்சந்திரன்.

ஐம்பதை நெருங்கும் வயதில், கல்யாணத்துக்கு நிற்கும் இரண்டு பெண்களை வைத்துக்கொண்டு எந்த இடத்தைப் பார்ப்பது? கோதண்டராமன் பட்டணத்துக்குப் போய், பழைய புத்தகக் கடையில் இயந்திர அறிவும் அறநெறியும் பற்றித் தடிமனாக ஓர் இங்கிலீஷ் புத்தகம் வாங்கி வந்தார். முதல் அத்தியாயம் படித்தார். உடனே பாடம் நடத்தத் தொடங்கிவிட்டார். நம் ஊரில் அது தாராளமாகப் போதும்.

"மனசாட்சி இல்லாததுதாம்மா அதோட பலமே" என்றார் இப்போது. "அதுக்கு சாதி கிடையாது. மாமன் மச்சான் கிடையாது. காக்கா பிடிச்சா மயங்காது. அதனால நியாயம் தவறாது."

"மனசாட்சி இல்லாதவன்லாம் நாயமா இருப்பான்னா, நம்ம சூப்பர்வைசரு ஏன் சார் இப்பிடி கீறாரு?"

ஷெட்டே கைகொட்டிச் சிரித்தது. கோதண்டராமனின் புத்தகத்தில் இதற்கு விடை இருந்திருக்கலாம். இரண்டாவது அத்தியாயத்தில்.

அமிர்தநாதன் எழுந்தார். "சிரிப்பெல்லாம் இருக்கட்டும். ஒரு தபா சோதிச்சுப் பாத்துடலாம் சார். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போவணும்னு கோபாலும் லீவு கேக்கறான், ரத்தினமும் கேக்கறான். ஒருத்தனுக்குத்தான் குடுப்பாங்களாம். யாருக்குன்னு பொட்டிய சொல்லச் சொல்லுங்க. நாயமா சொன்னா வச்சுக்கங்க. இல்லேன்னா லாரில ஏத்துங்க."

கம்ப்யூட்டரை இயக்கும் கிரேசி தலையில் கை வைத்துக்கொண்டாள். "சார், அது சம்பளக் கணக்கு மட்டும்தான் போடும். திருத்தணி எங்க இருக்குன்னுகூட அதுக்குத் தெரியாது."

"ஏதாவது ஒரு தாள் அடிச்சுக் குடும்மா. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

பிரிண்டர் கரகரவென்று கத்தி ஒரு தாளைத் துப்பியது. உச்சியில் கம்பெனி பெயர், கீழே முழுக்கப் பூஜ்யமும் நட்சத்திரமும்தான். அதை இரு கையாலும் ஏந்திக்கொண்டு வெளியே வந்தார் கோதண்டராமன்.

"மெஷினுக்குத் தமிழ் வராது. அது சொல்றதை நான் தமிழ்ல சொல்றேன். போன வருஷம் போனது கோபால். அதனால இந்த வருஷம் ரத்தினம் போகணும்."

கோபால் சூப்பர்வைசரின் ஆள். சூப்பர்வைசர் மேனேஜரின் மச்சினர். லேபர் ஆபீசராக இருந்துகொண்டு இப்படியொரு தீர்ப்பைச் சொல்ல கோதண்டராமனுக்கு ஏழு ஜென்மத்திலும் தைரியம் வந்திருக்காது. மெஷினே சொன்னால் யார் எதிர்த்துக் கேட்பது? சூப்பர்வைசர் பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். ஷெட்டில் விசில் பறந்தது. பெட்டி தங்கியது.

அதோடு நின்றிருந்தால் தேவலை. கோபால் போய்ச் சொன்னானோ, ரத்தினம் போய்ச் சொன்னானோ, வடக்குப்பட்டிலிருந்து ஏரித் தண்ணீர்ச் சண்டையோடு இரண்டு பங்காளிகள் வந்தார்கள். பிள்ளைப்பாக்கத்திலிருந்து ஒரு மருமகள் மாமியாரைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தாள். கூட்டத்தைக் குறைக்க, "வெள்ளிக்கிழமை மட்டும்தான்" என்று அறிவித்தார் கோதண்டராமன். ஐயோ! ஆடி வெள்ளியா, அப்படியென்றால் விசேஷம்தான் என்று எலுமிச்சம்பழமும் கற்பூரமும் சேர்ந்து வந்தன. ஏற்கெனவே கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு போகக் கூடாது, சத்தம் போடக் கூடாது, உள்ளே குளுகுளுவென்று இருக்கும். நம் ஜனங்களுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

"மெஷினுக்குச் சூடு ஏறிடுச்சு. ஒரு வாரம் ஓய்வு" என்று சொல்லிப் பார்த்தார்.

"ஆடி மாசம், சூடு ஏறாம இன்னா பண்ணும்? கூழு ஊத்துனா தணிஞ்சுட்டுப் போவுது" என்று பாப்பம்மாள் அண்டாவோடு வந்து நின்றாள். கிரேசி இரண்டு கையையும் விரித்துக் கதவை மறித்துக்கொண்டு நின்றதால் கம்ப்யூட்டர் பிழைத்தது.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். கோதண்டராமனுக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று. தாளைக் கையில் எடுத்தால் குரலே மாறிவிடும். நியாயம் தடையில்லாமல் வரும். கம்பெனியில் மூன்று மாதமாக ஒரு தகராறு இல்லை, ஒரு கோஷம் இல்லை.

மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்குத் தெரிந்ததும் அந்தச் செருப்பு விதி ஒன்றுதான்.

"பிரமாதம்! எல்லா வழக்கையும் மெஷினே தீர்த்து வைக்குது. இனிமே லேபர் ஆபீசர்னு ஒருத்தர் எதுக்கு?"

கோதண்டராமன் இழுத்தார். "சார், அது வந்து... தீர்ப்பு சொல்றது..."

"மெஷின் இல்லையா பின்னே?"

ஆமாம் என்றால் வேலை போகும். இல்லை என்றால் மோசடி, அப்போதும் வேலை போகும். அவர் வெளியே வந்தார்.

செய்தி ஷெட்டுக்குப் பரவியது. அமிர்தநாதன் நேராக மேனேஜரிடம் போனார். "லேபர் ஆபீசரு சார் வேணுமா வாணாமான்னு நாமளே ஏன் அடிச்சுக்கணும்? பொட்டியவே கேட்டுடலாம். அது சொல்றதுக்கு நாங்களும் கட்டுப்படறோம், நீங்களும் கட்டுப்படணும்." மேனேஜர் சரியென்றார்.

இப்போதுதான் நம் ஆசாமிக்கு அறம் முற்றியது. தன் வழக்குக்குத் தானே தீர்ப்புச் சொல்லலாமா? புத்தகத்தை எடுத்துக் கடைசி அத்தியாயம்வரை படித்தார். கூடவே கூடாது என்று போட்டிருந்தது. படித்ததில் ஒரு யோசனையும் பிறந்தது. 'தேவையில்லை' என்று தானே சொல்லிவிட்டால்? இத்தனை ஜனமும் கொதித்து எழாதா? 'பெட்டி ஒழிக, சார் வாழ்க' என்று ஷெட்டே அதிராதா? வேலையும் நிற்கும், தர்மமும் நிற்கும், மேனேஜர் மூஞ்சியும் தொங்கும். கண்ணாடி முன் நின்று சோகமாக முகத்தை வைத்துப் பழகிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஷெட் நிறைந்திருந்தது. மேனேஜர் நாற்காலியில். அமிர்தநாதன் கையில் பெரிய மாலை ஒன்று. அதைப் பார்த்ததும் கோதண்டராமனுக்கு இன்னும் தெம்பு வந்தது. தாளை விரித்தார், தொண்டையைச் செருமினார்.

"மெஷின் சொல்றது... லேபர் ஆபீசர் கோதண்டராமன் இந்தக் கம்பெனிக்கு இனிமே தேவையில்லை."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

ஒரு சத்தமும் இல்லை. கண்ணைத் திறந்தார். ஜனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அமிர்தநாதன் பெருமூச்சு விட்டு, "சரி, நாயம்னா நாயந்தான்" என்று சொல்லி அந்த மாலையை அவர் கழுத்திலேயே போட்டார். மேனேஜர் கை குலுக்கி, கணக்குத் தீர்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். கூட்டம் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கலைந்தது.

கோதண்டராமனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டம்ளர் பொறுக்கிக்கொண்டிருந்த பாப்பம்மாளிடம் ஓடினார்.

"பாப்பம்மா! அவங்களைக் கூப்பிடு! மெஷின் ஒண்ணுமே சொல்லலே! ஆரம்பத்துலேர்ந்து எல்லாத்தையும் சொன்னது நான்தான்!"

பாப்பம்மாள் டம்ளர்களைக் கீழே வைத்தாள். "தாளத் தலகீழா புடிச்சுகினு படிச்சப்பவே எல்லாருக்கும் தெரியும் சார், உங்க வேலைய நீங்களே காப்பாத்திக்குவீங்கன்னுதான் தலைவரு இந்தக் கேள்வியவே பொட்டிகிட்ட வுட்டாரு, நீங்களே வாணாம்னு சொல்லிட்டா நாங்க இன்னாத்த சொல்றது?"